நாள் முழுக்க நிக்கிறன், இன்னும் நடக்கவோ?

ஹாலே நகரில் சாலே ஆற்றின் பைஸ்னிட்ஸ் தீவில் நடக்க நல்ல பாதை உண்டு. காசும் தேவையில்லை. ஆனாலும் உணவகங்களில் வேலை செய்யும் எம்மவரிடம் கேட்டால், "நாள் முழுக்கக் குசினியில நிக்கிறன், இன்னும் நடக்கவோ?" என்பார்கள்.

இதை வெறும் சோம்பல் என்று தள்ள முடியாது. உணவு தேடி அலைந்த காலத்தில் மனித உடல் சக்தியைச் சேமிக்கப் பழகிவிட்டது என்கிறார் ஹார்வர்ட் பேராசிரியர் டானியல் லீபர்மன். ஊரில் தோட்டம் கொத்தினோம், கிணற்றில் அள்ளினோம், சைக்கிள் மிதித்தோம். சும்மா ஓடுபவரைக் கண்டால் சிரித்தோம். இங்கே மார்கழியில் 4 மணிக்கே இருட்டிவிடும். பெண்களுக்கு "சனம் என்ன சொல்லும்" என்ற கூச்சம் வேறு.

ஆனால் நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. நிற்பது காலையும் முதுகையும் களைக்க வைக்கும். வேகமாக நடந்தால்தான் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை நன்றாக இழுத்துக்கொள்ளும். தெற்காசியரான எமக்கு உடல் பருக்காமலே நீரிழிவு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம்தான்.

1694இல் தொடங்கிய ஹாலே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் பிரீட்ரிக் ஹொஃப்மன், உடல் அசைவே சிறந்த மருந்து என்று அன்றே எழுதினார். சனங்களிடம் நிலைத்ததென்னவோ அவர் பெயரிலான துளிமருந்துதான்!

தனியே நடக்க மனம் வராதவர்களுக்கு 'ரேஹா ஸ்போர்ட்' என்ற குழுப் பயிற்சி இருக்கிறது. வைத்தியர் எழுதித் தந்தால் மருத்துவக் காப்புறுதி செலவை ஏற்கும். அடுத்தமுறை சீனி பார்க்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.