துக்கமும் மகிழ்ச்சியும் 'நான்' என்பதும்

"நீங்க யாரு?" என்று கேட்டால் பெயரைச் சொல்வோம், ஊரைச் சொல்வோம், இன்னாரின் மகன் என்போம். 'நான்' என்ற சொல்லுக்குள் உடம்பு மட்டுமன்றி இவையெல்லாம் அடங்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூலில் இதை விளக்கினார். வீடு, குடும்பம், உழைத்துத் தேடிய பொருள் யாவும் மனிதனின் 'நான்' என்பதில் ஒரு பகுதி. அவை பெருகினால் பூரிக்கிறான். அழிந்தால் தானே குறைந்துபோனதாக உணர்கிறான்.

சரியாக நூறு வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், வடபுல முஸ்லிம்கள் இதை அனுபவத்தில் கண்டார்கள். விடுதலைப் புலிகள் ஐந்து மாவட்டங்களிலிருந்து சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். பெரும்பாலானோர் புத்தளம் வந்து சேர்ந்தனர். வியாபாரி, தையற்காரர், ஆசிரியர் என்றிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே பெயர் வந்தது: 'அகதி'. பிறர் நம்மை எப்படி அறிகிறார்களோ அதுவும் நம் 'நான்' தான் என்கிறார் ஜேம்ஸ். வீடு போனது ஒரு இழப்பு, பெயர் போனது இன்னொரு இழப்பு.

ஆனாலும் அவர்கள் அந்தப் பெயரோடு நின்றுவிடவில்லை. முப்பது வருடம் கடந்தும் "நாங்க யாழ்ப்பாணம்", "நாங்க எருக்கலம்பிட்டி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லவைப்பது துக்கம் மட்டுமல்ல. சோனகத் தெருவின் பெருநாளும், ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்து விளையாட்டும், அயல் வீட்டாரோடு பலகாரம் மாற்றிய நாட்களும் அதற்குள் இருக்கின்றன. அனுபவிக்கும்போது மகிழ்ச்சியை நாம் கவனிப்பதில்லை. இழந்த பிறகுதான் அது நம்மில் எவ்வளவு பங்கு என்று தெரிகிறது.

புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குத் துக்கக் கதை கிடைத்தது, அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை. 2009க்குப் பிறகு "எங்கட ஊருக்குப் போவம்" என்று வாப்பாவும் உம்மாவும் சொல்லும்போது, "எங்கட ஊர் இதுதானே" என்று பிள்ளை கேட்டால் அதில் பிழையில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடமும் கூட்டாளிமாரும் இங்கேதான்.

கவலைப்படுவது ஈமானுக்கு மாற்றமல்ல. மகன் இப்றாஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் சிந்தினார்கள். ஆனால் சபுரைப் போலவே ஷுக்ரும் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வெளியேற்றத்தைச் சொல்லும் மூத்தோர், அதற்கு முன் வாழ்ந்த வாழ்வையும் சொல்லவேண்டும்: கடை, கிணறு, கல்யாண வீடு, அயலவர் பெயர் எல்லாவற்றையும். இல்லாவிட்டால் துரத்தப்பட்ட விதம்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். துரத்தப்பட்டவர்கள் யார் என்பது தெரியாமலே போய்விடும்.