பயிர் காக்கும் துவக்கு: எதைப் பார்ப்பது, எந்தத் தோட்டாவைப் போடுவது?

கலேவெலவில் வெங்காயம், வில்கமுவவில் நெல், நாவுலப் பக்கம் சேனைச் சோளம். மாத்தளை மாவட்டத்தில் எதை விதைத்தாலும் இரவில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். அதற்கென்று அனுமதிப்பத்திரம் பெற்று விவசாயிகள் வைத்திருப்பது பெரும்பாலும் ‘போர 12’ எனப்படும் வேட்டைத் துவக்கு; ரைபிள் அல்ல. அதற்குக் காரணம் உண்டு. ரைபிளின் குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருக்கும். அதனால் சுழன்று பாயும் ஒற்றைச் சன்னம், குறி தப்பினால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். வயல், வேலி, வீடு என்று நெருங்கிக் கிடக்கும் ஊருக்கு அது ஆகாது. வேட்டைத் துவக்கின் குழல் உள்ளே வழவழப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து பல சன்னங்கள் விரிந்து செல்லும். கிட்டத்தில் வலு, தூரத்தில் வலுவிழப்பு.

12 என்பது குழலின் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, அதுவே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் குழல் ஒடுங்கும். எனவே போர 20, போர 12ஐ விடச் சிறியது.

பழைய துவக்கு ஒன்று கைமாறி வரும்போது மரக்கட்டையின் பளபளப்பையும் செதுக்கு வேலையையும் பார்த்து மயங்க வேண்டாம். தோட்டா இல்லையென்று முதலில் உறுதி செய்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல குழலுக்குள் வெளிச்சம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சீரான வளையங்களாகத் தெரியும். நடுவில் ஒரு வளையம் கோணினால் அல்லது கறுத்த பட்டையாகத் தெரிந்தால் குழல் அந்த இடத்தில் நெளிந்திருக்கும் அல்லது வீங்கியிருக்கும். துரு தின்ற குழிகள் தோட்டா அமரும் அறைக்கு அருகே இருந்தால் இன்னும் ஆபத்து. வெடிக்கும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போவது அங்கேதான்.

அடுத்தது பூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துவக்கை மூடி, பின்கட்டையைப் பிடித்து இலேசாக அசையுங்கள். ‘கடகட’ என்று ஆடினால் பொருத்து தேய்ந்துவிட்டது. மேலேயுள்ள திறப்பு நெம்பு, மூடிய நிலையில் நடுவில் அல்லது சற்று வலப்பக்கம் நிற்க வேண்டும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் அதுவும் தேய்மானத்தின் அடையாளம். பின்கட்டையின் மெலிந்த கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, குழலின் அடியில் குத்தியிருக்கும் சோதனை முத்திரை. லண்டன், பர்மிங்ஹாம், பெல்ஜியத்தின் லியேஜ் போன்ற இடங்களிலுள்ள சோதனை நிலையங்கள், வழக்கத்தை விட வலுவான வெடியை வைத்துச் சுட்டுப் பார்த்துத் தேறிய குழலுக்கே முத்திரை இடும். முத்திரையில் ‘நைட்ரோ’ என்ற குறிப்பு இருந்தால் இன்றைய புகையற்ற மருந்துக்கு அந்தக் குழல் சோதிக்கப்பட்டிருக்கிறது. பாட்டன் காலத்து டமாஸ்கஸ் குழலில் பாய் பின்னியதுபோல் கோலம் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தில் செய்யப்பட்டவை. அவற்றில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது.

தோட்டாவுக்கு வருவோம். பலர் கவனிக்காமல் விடுவது நீளம். போர 12 தோட்டா 65, 70, 76 மில்லிமீட்டர் நீளங்களில் வருகிறது. இது சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் 76 தோட்டா 70 அறைக்குள்ளும் சிக்கலின்றிப் போய் அமர்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தேய்ந்த துவக்கானால் கையோடு போய்விடும். ஆகவே குழலில் குத்தியுள்ள நீளத்தைத் தாண்டிய தோட்டாவைப் போடாதீர்கள். நீளம் குத்தப்படாத பழைய துவக்கென்றால் ஆயுதத் திருத்துநரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

போர 20 தோட்டாவைப் போர 12 தோட்டாக்களோடு ஒரே பையில் வைக்கவே கூடாது. இருட்டில் அது போர 12 குழலுக்குள் வழுக்கிச் சென்று முன்னால் சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். போர 20 தோட்டா பொதுவாக மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இதற்காகவே.

சன்னத்தின் பருமனும் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எஸ்.ஜி. தோட்டாவில் ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர் பருமனான சன்னங்கள், வழக்கமாக ஒன்பது, காட்டுப்பன்றிக்கு ஏற்றது. 4ஆம் இலக்கச் சன்னம் 3 மில்லிமீட்டர் அளவுதான். பன்றியைக் காயப்படுத்தி ஓட விடுமே தவிர விழுத்தாது. எஸ்.ஜி. ஆனாலும் 30 மீட்டருக்கு மேல் சன்னங்கள் அகலப் பரவி, குறி நம்பமுடியாததாகிவிடும். ஆனால் தப்பிய சன்னம் 600 மீட்டர் வரைக்கும் போகலாம். பின்னால் மண்மேடு இல்லாத திசையில் சுடாதீர்கள். யானைக்கு எந்தத் தோட்டாவும் இல்லை: சட்டம் தடுக்கிறது, சன்னம் யானையைக் கொல்லாமல் சீழ்ப்பிடிக்க வைக்கும், காயப்பட்ட யானை ஊருக்கே வினை. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இல்லை. வேறெதையும் சுட நினைக்கும் முன் வனசீவராசிகள் அலுவலகத்தைக் கேளுங்கள்.

துவக்கும் அனுமதியும் மாத்தளைக்குப் பழைய விவகாரம். 1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்கு ஒன்றுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் வரி விதித்தார். சேனையைக் காக்கத் துவக்கு வைத்திருந்த குடியானவர்களை, நாய் வரியோடும் கடை வரியோடும் சேர்ந்து அதுவும் கொதிக்க வைத்தது. அந்த ஜூலையில் தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு மன்னராக முடிசூட்டினார்கள். மாத்தளைக் கிளர்ச்சி மூண்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் மாவட்டச் செயலகத்தின் வழியாகக் கிடைக்கிறது. அது உங்கள் பெயருக்கு மட்டுமே. அயலவருக்கு இரவல் கொடுக்க முடியாது.

கட்டுத்துவக்கு இந்தக் கணக்கில் சேராது. பாதையோரம் கம்பி கட்டி வைக்கும் அந்தக் குழல் பன்றியையும் சிறுத்தையையும் விறகு பொறுக்கப் போகும் பெண்ணையும் வேறு பிரித்து அறியாது. அது சட்டவிரோதம்.

அனுமதிப்பத்திரத்தை ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதே வேளையில் துவக்கையும் திருத்துநரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குழலில் சந்தேகம் இருந்தால் சுடாமல் இருப்பதே மேல். போன விளைச்சல் அடுத்த போகத்தில் வரும், போன விரல் வராது.