ஒரே கணினிக்கு ஒரு மொழி

கணினிக்கு ஏன் இத்தனை மொழிகள் என்று உங்களில் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். அருமையான கேள்வி! இன்றைக்கு ஒரேயொரு கணினிக் குடும்பத்துக்காகப் பிறந்த மொழியைப் பார்ப்போம். அதன் பெயர் பிஎல்360.

1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தது. அதுதான் அந்தக் குடும்பம்.

360க்குள் 16 பொதுப் பதிவகங்கள் இருந்தன. பதிவகம் என்பது ஓர் எண்ணை வைக்கும் சின்ன இடம். 0 முதல் 15 வரை இலக்கமிட்ட ஓலைப்பெட்டிகள் என்று நினையுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பெட்டியிலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுத்தால் பெட்டியில் ஒன்று குறையும். பதிவகத்திலோ எண்ணின் பிரதியைத்தான் எடுக்கிறோம். பழைய எண் அங்கேயே இருக்கும். விளங்குதா?

2ஆம் பெட்டியையும் 3ஆம் பெட்டியையும் கூட்டி 1இல் வைக்கவேண்டும். கணினியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில் முதலில் ‘எல்ஆர் 1,2’ (2இல் உள்ளதை 1இல் வை), அடுத்த வரியில் ‘ஏஆர் 1,3’ (3இல் உள்ளதை 1ஓடு கூட்டு). பக்கம் பக்கமாக இப்படியே போனால், எழுதியவருக்கே பிறகு வாசிக்கக் கஷ்டம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த நிக்லௌஸ் விர்த், தான் உருவாக்கிய பிஎல்360இல் அதை ஒரே வரியாக்கினார்: ‘ஆர்1 := ஆர்2 + ஆர்3’. ஆர்1 என்றால் 1ஆம் பதிவகம்; ‘:=’ என்றால் வலப்பக்கம் வருவதை இடப்பக்கத்தில் வை. கூட்டல் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும். ‘இப்படியானால் இதைச் செய்’, ‘இப்படி இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்’ என்றும் எழுத வழிசெய்தார். அசெம்பிளியில் அதற்கெல்லாம் ‘அந்த இடத்துக்குத் தாவு’ என்ற கட்டளைதான். இந்த மொழியைப் பற்றிய அவரது கட்டுரை 1968இல் வெளிவந்தது.

நாம் எழுதுவதைக் கணினிக் கட்டளையாக மாற்றித் தருவது தொகுப்பான். பிஎல்360இன் முதல் தொகுப்பான் வேறொரு கணினியில், வேறொரு மொழியில் எழுதப்பட்டது. பிறகு அதையே பிஎல்360இல் திருப்பி எழுதினார்கள். ஒரு மொழியின் தொகுப்பான் அதே மொழியில்! எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

இப்போது ஒரு புதிர். ஆர்1இல் 3, ஆர்2இல் 5. ‘ஆர்1 := ஆர்2 + ஆர்1’ என்று எழுதினால் என்ன வரும்?

8 என்கிறீர்களா? வருவது 10! விர்த்தின் விதி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு படியாகச் செய்வது. முதலில் ஆர்2இன் 5, ஆர்1க்குள் போகும். அங்கிருந்த 3 அழிந்துவிடும். அடுத்து ஆர்1ஓடு ஆர்1ஐக் கூட்டும்: 5உம் 5உம் 10.

விர்த் நினைத்திருந்தால் தொகுப்பானே 3ஐ வேறெங்காவது எடுத்துவைக்கும்படி செய்திருக்கலாம். ஆனால் நாம் எழுதாத எந்த வேலையையும் கணினி ஒளித்துச் செய்யக்கூடாது என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 8 வேண்டுமென்றால் ‘ஆர்1 := ஆர்1 + ஆர்2’ என்று மாற்றி எழுதுங்கள். ஏன் சரிவருகிறது என்று படிப்படியாகக் கொப்பியில் செய்து பாருங்கள்.