காதைப் பார்த்து முயல் வாங்குங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் முயல் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கண் சிவந்த நியூசிலாந்து வெள்ளையா, சாம்பல் பூத்த சோவியத் சின்சில்லாவா, காதும் மூக்கும் பாதமும் வாலும் மட்டும் கறுத்த கலிபோர்னியனா? பெயர்கள் உலகத்தையே சுற்றி வந்தாலும் மூன்றும் ஐரோப்பியக் காட்டு முயலின் வம்சம்தான். நியூசிலாந்து வெள்ளை உருவானது அமெரிக்காவில் என்பது தனி வேடிக்கை.

இந்த மூன்று நிறங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே மரபணு. நிறமி உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு அது. அடியோடு பழுதானால் முயல் வெள்ளை. கண்ணிலும் நிறமி இல்லாததால் ரத்தச் சிவப்பு தெரிகிறது. நொதியின் வேலை ஓரளவு குறைந்தால் மஞ்சள் மங்கி, கறுப்பும் வெள்ளையும் மிஞ்சும். சின்சில்லாவின் முதுகு முடியை ஊதி விலக்கினால் ஒவ்வொரு முடியிலும் பட்டை பட்டையாக அவை தெரியும். கலிபோர்னியனில்தான் அதிசயம்: அதன் நொதி குளிர்ந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும். உடல் வெதுவெதுப்பாக இருப்பதால் வெள்ளை, சில்லிட்ட நுனிகள் கறுப்பு. இதே நிறவகை முயலின் முதுகில் முடியை மழித்து ஐஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கறுப்பு முடி முளைத்தது. நம் ஊர் வெயிலில் அதன் மூக்குக் கறுப்பு வெளிறினால் விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் நிறத்தைவிடச் சூட்டைத்தான் யோசிக்க வேண்டும். மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல மையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்ப்பது கொடைக்கானல் மலையில், மன்னவனூர் குளிரில். இங்கோ சிமெண்ட் ஷீட் கூரை, கத்திரி வெயில்.

முயலுக்கு வியர்த்துத் தணிய வழியில்லை. சூட்டை வெளியேற்றுவதில் பெரும்பங்கு காதுக்கு. உடலின் மேற்பரப்பில் ஏறக்குறைய 12 சதவீதம் காதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் தமனியும் ஓரத்தில் சிரைகளும் தெரியும். வெயில் ஏற ஏற அவை விரிந்து, சூடான ரத்தத்தைக் காற்றாட விடுகின்றன. ஆகவே நிமிர்ந்த பெரிய காது, குட்டை முடி, கனமில்லாத உடம்பு, இவைதான் இந்த ஊருக்குத் தோது. அங்கோரா முயலின் நீண்ட கம்பளி முடி மலைக்குச் சரி. சமவெளியில் அதை வைத்திருப்பது கொடுமை. தொங்குகாது முயல் படத்தில் அழகுதான். ஆனால் காதுத்துளை மடிந்து அழுக்கு சேர்வதால் அதற்குக் காதுத் தொல்லை அதிகம்.

எந்த இனமானாலும் 30 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். முயலின் உடல் சூடு சுமார் 39 டிகிரி. வெளிக்காற்றும் அதை எட்டிவிட்டால் காது வழியே சூடு இறங்காது. ஈரம் ஆவியாவது ஒன்றுதான் வழி. அதனால் கூண்டை ஷீட்டுக்கு அடியிலிருந்து நிழலான தரைக்கு மாற்றுங்கள். காதை ஈரத்துணியால் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. கடலோரப் புழுக்கத்தில் ஈரமும் எளிதில் காயாது. துடைத்ததோடு விடாமல் மின்விசிறியையும் போட்டுவிடுங்கள்.