கைப்பேசியில் ஏன் எழுத்து எறும்பாகிறது?

பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் படிக்கும் ஒருவர், தன் ஆய்வுகளையும் படங்களையும் அடுக்கி ஓர் இணையதளம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் அழகாக இருக்கிறது. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு. ஏன்?

2007-ல் ஐபோன் வந்தபோது பெரும்பாலான தளங்கள் கணினித் திரைக்கென்றே செய்யப்பட்டவை. அதனால் அதன் பிரவுசர், திரை 980 பிக்சல் அகலம் என்று பாவித்துப் பக்கத்தை வரைந்துகொண்டு, பிறகு மொத்தமாகச் சுருக்கிக் காட்டியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதைத் தடுக்க, பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ வரி ஒன்றைச் சேர்த்து, திரையின் உண்மை அகலத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அடுத்தது மீடியா குவெரி: அகலம் 600 பிக்சலுக்குக் கீழே போனால், அருகருகே நிற்கும் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு என்பதுபோன்ற நிபந்தனை. இந்த முறைக்கு 2010-ல் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயர் வைத்தவர் ஈத்தன் மார்கோட்.

தமிழுக்கு இது மட்டும் போதாது. ‘பரங்கிப்பேட்டையிலிருந்து’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி இல்லாததால் பிரவுசர் அதை மடிக்காது. சொல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீண்ட சொல்லை உடைக்கச் சொல்லும் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ கட்டளையைப் போட்டால் உடையும், ஆனால் கண்ட இடத்தில். அதற்குத் தலைப்பின் அளவைக் குறைப்பதே மேல். வரி இடைவெளியையும் எழுத்தின் அளவைப்போல் 1.6 மடங்காவது வையுங்கள். நெருக்கினால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் சுழியில் முட்டும்.