அமராவதி நீர் வரும் மலையில் 75 ஆண்டு சாட்சி

தாராபுரம் நெல் வயல்களில் பாயும் அமராவதி நீர், மலைக்காடுகளில் இருந்து பாம்பாறு, சின்னாறு, தேனாறு வழியாக அணைக்கு வருகிறது. அணைக்கு மேலே தளிஞ்சி, மஞ்சம்பட்டி, கோடந்தூர் போன்ற குடியிருப்புகளில் முதுவர், புலையர் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

வனத்துக்குள் பயிரிடும் நிலத்துக்கு உரிமை தருவது 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர், 4 ஹெக்டேர் வரை உரிமை பெறலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை ஆவணம் தரப்படும். அது வாரிசுகளுக்குச் சேரும், விற்க முடியாது.

முதுவர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். புலையரோ பட்டியல் சாதியில் உள்ளனர். பழங்குடியினராக அறிவிக்கக் கோரி வருகின்றனர். அதுவரை, பட்டியலில் இல்லாத பிற வனவாசிகளுக்கான விதியே அவர்களுக்கும். அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டுகள், அதாவது 1930 முதலே தங்கள் குடும்பங்கள் வனத்தில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

பத்திரம் இல்லையே என்று கலங்க வேண்டாம். குறைந்தது இரண்டு ஆதாரங்கள் வேண்டும். மனுதாரர் அல்லாத முதியவர்களின் எழுத்துப்பூர்வ வாக்குமூலம் ஓர் ஆதாரம். பழைய கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் ஆதாரமே. மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் தர வேண்டும். கிராம சபை நிராகரித்தால் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மலைக்குச் செல்லும் விரிவாக்கப் பணியாளர்கள் இதை எடுத்துச் சொல்லலாம். பழைய காலத்தை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைப்பது அவசியம்.