ஃபோரே மக்களின் நடுக்கம்

சென்ற வாரம் ஆட்டு மந்தைகளை வாட்டும் ஸ்கிரேப்பி வியாதியைப் பார்த்தோம். அதே குலத்து நோய் ஒன்று மனிதரிடையே தோன்றி ஒரு ஜனசமூகத்தையே நிர்மூலமாக்க இருந்த வரலாற்றை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில், ஒகாபாவைச் சுற்றிலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பயிரிட்டும் பன்றி வளர்த்தும் வாழ்ந்த ஃபோரே மக்களிடையே, 1957-ஆம் வருஷத்தில் வின்சென்ட் ஸிகாஸ் என்ற அரசாங்க வைத்தியரும் கார்ல்டன் கைடுசெக் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கண்ட காட்சி எத்தகைய நெஞ்சையும் கலக்கிவிடும். திடகாத்திரமான ஒரு ஸ்திரீ ஒரு நாள் தோட்டத்துச் சரிவில் கால் தடுமாறுவாள். பின்னர் கோலூன்றாமல் நிற்கமாட்டாள். சில மாதங்களில், பிறர் தாங்கினாலன்றி உட்காரவும் இயலாமல், சரீரம் முழுதும் நடுங்க, பேச்சுக் குழற, காரணமின்றிச் சிரிப்பு வெடிக்க, ஆயினும் சுற்றத்தாரை இனங்காணும் அறிவு மட்டும் பெரும்பாலும் மங்காதிருக்க, ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் மாண்டுபோவாள். 'குரு' என்று அவர்கள் வழங்கிய இந்நோய் உச்சத்தில் ஆண்டுக்கு 200 பேர் வரை கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

பகைவன் ஒருவன், உண்டு எறிந்த மிச்சத்தையோ தலைமயிரையோ களவாடி, இலையில் பொதிந்து, சேற்றில் புதைத்துச் செய்த சூனியம் என்றனர் ஃபோரே மக்கள். குடும்பங்களில் தொடர்வதைக் கண்டு, பரம்பரை வியாதியோ என்று ஐயுற்றனர் விஞ்ஞானிகள். 1961 முதல் அங்கே தங்கிய மானிடவியலாளர்களான ராபர்ட் கிளாஸும் ஷர்லி லிண்டன்பாமும் கிராமத்தாரிடம் வம்சாவளி கேட்டு எழுதியபோது, முதியோர் அனைவரும் இந்நோய் தங்கள் ஆயுட்காலத்திலேயே வந்தது என்றார்கள். பரம்பரை வியாதி அவ்வளவு விரைவில் பரவாது. இறந்த உறவினரைப் புழுவுக்கு இரையாக விடாமல் தம் உடலிலேயே ஏற்றுக்கொள்வது அம்மக்களின் அந்திமச் சடங்கு. அதில் ஆடவர் பெரும்பாலும் விலகிக்கொள்ள, மூளை முதலியவற்றை உண்டவர்கள் பெண்களும் அவர்கள் கையில் வாங்கித் தின்ற குழந்தைகளுமே.

இதற்கிடையே, 1959-ல், வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை மருத்துவர், லண்டன் காட்சிச்சாலை ஒன்றில் குரு நோயாளிகளின் மூளைப் படங்களைக் கண்டு, ஸ்கிரேப்பி ஆடுகளின் மூளையில் தாம் கண்ட அதே துளைகள் இவை என்று 'லான்செட்' இதழுக்கு எழுதியிருந்தார். அவ்வழியே சென்ற கைடுசெக் குழுவினர், நோயாளியின் மூளைத் திசுவைச் செலுத்திய சிம்பன்ஸிகளும் காலந்தாழ்த்தி அவ்வாறே நடுங்கியதை 1966-ல் வெளியிட்டனர். ஒழுங்கு தவறி மடிந்த புரதமே, பக்கத்துப் புரதங்களையும் தன்னைப்போல் மடித்து மூளையைச் சிதைக்கிறது என்ற கொள்கையை 1982-ல் ஸ்டான்லி புருசினர் முன்வைத்து, அப்புரதத்துக்குப் பிரியான் என்று பெயரிட்டார்.

சடங்கு நின்றபின், 1960-க்குப் பிறகு பிறந்த எவரையும் குரு தீண்டவில்லை. ஆனால் சிறுவயதில் உண்ட சிலரை 40, 50 ஆண்டுகள் கழித்தும் அது தேடி வந்தது. மருந்து இன்றும் இல்லை.

நரமாமிசம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பசுவுக்கே பசுவின் எலும்பு மாவைத் தீனியாக்கி, 1986-ல் இதே குலத்து வியாதியைத் தன் பண்ணைகளில் கண்டது பிரிட்டன். ஃபோரே மக்கள் துக்கத்தால் செய்ததை இவர்கள் லாபத்துக்காகச் செய்தார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.